கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது

2009-இல் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இங்கிலாந்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணினி வேலைகளைச் சென்னையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் குழு எங்களுடையது. அதில் நான் கடைக்குட்டி. ஒருநாள் இரவு ஒருமுறை ஓடவேண்டிய ஜாப் ஒன்று, அதாவது கணினி தானாகச் செய்யும் வேலை, இரண்டு முறை ஓடிவிட்டது. பாலிசிதாரர்களுக்குப் போகவேண்டிய பிரீமியம் கடிதங்கள் அச்சாகி, உறைக்குள் புகுந்து, தபாலிலும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து சிஸ்டத்தைத் திறந்தால் கிளையன்ட்டிடமிருந்து மெயில். நான்கே வரி. முதல் வரியை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். "ஐ வாஸ் எ லிட்டில் சர்ப்ரைஸ்டு டு சீ தட் தி லெட்டர்ஸ் ஹாட் கான் அவுட் ட்வைஸ்." கடிதங்கள் இருமுறை போயிருப்பதைக் கண்டு கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன் என்கிறார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நல்ல மனுஷன், கோபப்படவில்லை, ஆச்சரியம்தான் பட்டிருக்கிறார், அதுவும் கொஞ்சம்தான். டீம் லீட் இன்னும் சாப்பிட்டு முடித்து வரவில்லை. நானே பொறுப்பாக ஒரு பதில் போட்டேன். "யெஸ், வீ ஆர் ஆல்ஸோ சர்ப்ரைஸ்டு. தேங்க்ஸ் ஃபார் இன்ஃபார்மிங்."

ஐந்து நிமிடத்தில் எங்கள் லீட் அக்கா தன் நாற்காலியிலிருந்து ஏறக்குறைய ஓடிவந்தார். நாகர்கோவில்காரர். லீட்ஸ் நகரத்தில் மூன்று வருடம் ஆன்சைட், அதாவது கிளையன்ட்டின் இடத்திலேயே, இருந்துவிட்டு வந்தவர்.

"எல மக்கா, என்னத்தல எழுதி அனுப்பி வச்சிருக்க?"

"அவரு ஆச்சரியமா இருந்துச்சுன்னு சொன்னாருக்கா. அதான், நமக்கும் அப்படித்தான்னு..."

"ஆச்சரியமா? அவன் செருப்பக் களத்திக் கையில வச்சிட்டு நிக்கான்ல!"

அன்றைக்கு மாலை வரை அக்கா உட்கார்ந்து மன்னிப்புக் கடிதமும் காரண அறிக்கையும் எழுதினார். மறுநாள் டீக்கடையில் நிதானமாகப் பாடம் நடத்தினார். பிரிட்டிஷ்காரர் 'கொஞ்சம்' என்றால் நிறைய என்று பொருள். 'ஆச்சரியம்' என்றால், இதை உன்னிடம் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். இரண்டையும் சேர்த்து எழுதினால் அடுத்த மெயில் உன் மேலதிகாரிக்குப் போகும் என்று பொருள். "கோவம் வந்தா கத்துவான்னு நெனைக்காத. சொல்லச் சின்னதாக்கிட்டே போவான். ரொம்பச் சின்னதாயிட்டா நீ ஓடிரு."

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்கு அந்தச் சொற்கள் மேல் ஒரு பித்து பிடித்தது. அருப்புக்கோட்டையில் தமிழ்வழியில் படித்தவன் நான். எட்டாம் வகுப்பில் எங்கள் ஆங்கில வாத்தியார் நோட்டை இரண்டாக மடிக்கச் சொல்லுவார். இடப்பக்கம் வார்த்தை, வலப்பக்கம் அர்த்தம். சர்ப்ரைஸ் என்றால் ஆச்சரியம். அஸ்டானிஷ்மென்ட், ஆச்சரியம். அமேஸ்மென்ட், ஆச்சரியம். வொண்டர், அதுவும் ஆச்சரியம். ஷாக் மட்டும் அதிர்ச்சி. "எல்லாம் ஒண்ணுதாண்டா, எதை எழுதினாலும் மார்க்கு உண்டு" என்பார். மார்க்கு உண்டு, வாஸ்தவம்தான். ஒரே அர்த்தத்துக்கு ஒரு மொழி எதற்காக இத்தனை சொல்லை வைத்துக்கொண்டு சோறு போடுகிறது என்று நானும் அப்போது கேட்கவில்லை.

சர்ப்ரைஸ் என்ற சொல்லுக்கும் சாதாரண ஆச்சரியத்துக்கும் உள்ள தூரத்தை விளக்க ஆங்கிலத்தில் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் மேல் ஏற்றிச் சொல்வார்கள். சிலர் இங்கிலாந்தின் சாமுவேல் ஜான்சன் மேல் ஏற்றுவார்கள். நடந்திருக்காது, ஆனால் கதை சோடை போகாது. அகராதிக்காரர் வீட்டு வேலைக்காரப் பெண்ணை முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார். மனைவி கதவைத் திறந்துவிடுகிறார். "நோவா! ஐ ஆம் சர்ப்ரைஸ்டு!" அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார்: "இல்லை அன்பே. சர்ப்ரைஸ் ஆனது நான். நீ அஸ்டானிஷ் ஆகியிருக்கிறாய்."

சிரிப்பு எங்கே இருக்கிறது என்று புரிய அந்தச் சொல்லின் பழைய வேலை தெரிய வேண்டும். பழைய பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேலே, 'பிராந்த்ர்' என்றால் பற்றுதல். மேலே வந்து விழுந்து பிடித்துக்கொள்வது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது போர்க்களச் சொல்லாகத்தான் வந்தது. எதிரி அறியாத நேரத்தில் பாய்ந்து கோட்டையைப் பிடித்தால் அதுதான் சர்ப்ரைஸ். ஆக, கையும் களவுமாக அகப்பட்டவர்தான் சர்ப்ரைஸ் ஆனவர். பார்த்தவர் இல்லை. நோவா இலக்கணப்படி சரியாகத்தான் பேசியிருக்கிறார். அன்றிரவு சாப்பாடு கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

அடுத்து அஸ்டானிஷ். லத்தீனில் 'டொனாரே' என்றால் இடி முழங்குதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அஸ்டானிஷ், அஸ்டவுண்ட், ஸ்டன் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மூன்றுக்கும் இடிதான் தாய். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஊரைவிட்டு ஓடிப்போனான் என்று கேள்விப்பட்டதும், "தலையில இடி விழுந்த மாதிரி ஆயிப்போச்சுடியம்மா" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, அஸ்டானிஷ் என்பதற்கு வாத்தியாரைவிடச் சரியான மொழிபெயர்ப்பை வைத்திருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தச் சொல்லைத் தோண்டினாலும் அடியில் அப்பத்தா உட்கார்ந்திருந்தது. அகாஸ்ட் என்று ஒரு சொல். பயமும் திகைப்பும் சேர்ந்து உறைந்து நிற்கும் நிலை. கோஸ்ட், அதாவது பேய் என்னும் சொல்லோடு அதற்கு உறவு. அந்த உறவை நினைத்தே எழுத்தில் ஒரு 'ஹெச்'சையும் நடுவில் செருகி வைத்தார்கள். அப்பத்தா சொல்லும்: "பேயறைஞ்ச மாதிரி நிக்கான்." அப்பால்டு என்றால் பழைய பிரெஞ்சில் முகம் வெளுத்துப்போனவர். "மூஞ்சி வெளிறிப்போச்சு." ஹாரர் என்பதன் லத்தீன் வேர் மயிர் குத்திட்டு நிற்பதைச் சொல்கிறது. நம்முடைய மயிர்க்கூச்செறிதல் அப்படியே. டம்ஃபவுண்டட் என்பதில் டம் என்றால் ஊமை. வாயடைத்துப்போனான். ஸ்டார்ட்டில் என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்குக் காலை உதைத்துக்கொள்வது என்று பொருள். இதற்கு நம்மிடம் உள்ள தொடரை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது: தூக்கிவாரிப் போட்டது. தூக்கி, வாரி, போட்டது. மூன்று வினைச்சொல்லில் ஒரு உடம்பு முழுக்கக் கட்டிலிலிருந்து எகிறிவிட்டு இறங்குகிறது.

எனக்குப் பிடித்தது காப்ஸ்மாக்ட். காப் என்றால் கொச்சையாக வாய். 'மூஞ்சிப் பொத்தல்' என்று சொல்கிற மாதிரி. ஸ்மாக் என்றால் அறை. வாய்மேலேயே அறை வாங்கியவன் மாதிரி நிற்பது. வட இங்கிலாந்துப் பக்கத்துப் பேச்சுமொழி. 1980-களில்தான் பத்திரிகைகளில் தாராளமாக ஏறியது. லீட்ஸிலிருந்து போனில் பேசும் ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் ஒரு சிக்கலைச் சொன்ன நாளைக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்தபோது, "ஐ ஆம் காப்ஸ்மாக்ட்" என்றார். பள்ளிக்கூடத்து நோட்டில் இல்லாத சொல். மறுபடி எதுவோ தப்பாகிவிட்டது என்று நான் மியூட்டில் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா சிரித்தார். "இல்லடே, இது நல்ல அடி."

நல்ல அடி, கெட்ட அடி. இதுதான் நோட்டில் விடுபட்ட பாடம். இந்தச் சொற்களைச் சின்னது பெரியது என்று மட்டும் அடுக்கினால் போதாது. அடி உடம்பில் எங்கே விழுந்தது, அடித்தது யார், விழுந்தபின் நிற்பவன் சிரிக்கிறானா அழுகிறானா, இத்தனையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அளவுப்படி அடுக்கிப் பார்த்தவர் சார்ல்ஸ் டார்வின். மனித, விலங்கு உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872-இல் அவர் எழுதிய நூலில், சட்டென்று ஒன்றின்மேல் குவியும் கவனம் சர்ப்ரைஸாக முதிரும், அது அஸ்டானிஷ்மென்டாகும், அதுவும் முற்றினால் உணர்விழந்த அமேஸ்மென்டாகும் என்று படிப்படியாக ஏற்றுகிறார். புருவம் எவ்வளவு உயருகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது என்பதே அவருக்கு அளவுகோல். டார்வின் காலத்தில் அமேஸ் அவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு லண்டன் காபிக்கடையில் "பால் வேண்டாம்" என்று சொன்னால் "அமேஸிங்" என்கிறார்கள்.

அந்த அமேஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு மருட்டுதல், புத்தி மயங்கச் செய்தல் என்று பொருள். உள்ளே போனால் வழி தெரியாமல் சுற்றவைக்கும் பாதைச் சிக்கலுக்கு மேஸ் என்று சொல்கிறோமே, அது இதன் கிளை. முதலில் மனம் சிக்கியது, பிறகுதான் பாதை சிக்கியது. இதைப் படித்துவிட்டு என் அலமாரியில் தூசி தட்டி எடுத்தது தொல்காப்பியத்தை. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், சொல்லப்படுகின்றன: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வியப்புக்கு அங்கே இருக்கும் பெயர் மருட்கை. மருள் என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பொங்கலில் சாமியாடிக்கு வருகிறதே, அந்த மருள். இங்கிலாந்துக்காரனும் நம் ஆளும் ஒருவரையொருவர் கேள்விப்படாத காலத்தில், வியப்பு என்றால் புத்தி தடுமாறுவது என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் தொல்காப்பியர் ஒரு படி மேலே போகிறார். மருட்கை எதனால் வரும் என்று நான்கு காரணம் சொல்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறி வளர்வது. இந்தச் சிறுமையில் எனக்கு ஒரு மயக்கம். கடுகளவு விதையைப் பார்த்து வாய்பிளப்பதற்கு நான் அறிந்த ஆங்கிலத்தில் தனிச் சொல் கிடையாது. அவர்களுடைய வியப்புச் சொற்கள் பெரும்பாலும் மேலிருந்து விழுகிறவை, எதிரிலிருந்து மோதுகிறவை. குனிந்து பார்க்கிறவை குறைவு. இதை ஒரு கொள்கையாக நிறுவ எனக்குப் படிப்பு போதாது. இரவு பதினோரு மணிக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

மோதுவது என்றால் ஷாக்தான். முதலில் அது படைகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதைக் குறித்த சொல். ஈட்டி ஏந்திய குதிரைப்படை எதிர்ப்படையின் மேல் பாய்ந்து இடிக்கும் கணம். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் இருந்து நடுக்கத்தோடும் பேச்சிழந்தும் திரும்பிய சிப்பாய்களைப் பற்றி 1915-இல் சார்ல்ஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதியபோது 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது. குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்பது அன்றைய எண்ணம். பக்கத்தில் குண்டே வெடிக்காத சிப்பாய்களுக்கும் அதே நடுக்கம் வந்தபோதுதான் அடி உடம்பில் விழவில்லை, மனதில் விழுந்திருக்கிறது என்று மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டார்கள்.

நாம் இந்த ஷாக்கை வாங்கி என்ன செய்தோம் என்பது எனக்குப் பெருமையான விஷயம். கரண்ட் என்றால் ஷாக் அடிக்கும். மனசு என்றால் ஷாக் ஆகும். "ஷாக் அடிச்சிருச்சு" என்று ஒருவர் சொன்னால் மெயின் ஸ்விட்சைத் தேடி ஓடுவோம். "ஷாக் ஆயிட்டேன்" என்றால் உட்கார்ந்து கதை கேட்போம். ஒரே இரவல் சொல்லை இரண்டு துணைவினை போட்டுப் பிரித்துவைத்திருக்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் பேசும்போதுதான் வழுக்குகிறோம். என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "ஐ வாஸ் ஷாக்கிங்" என்று கிளையன்ட் காலில் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. நான் படுமோசமாக இருந்தேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவன்மேல் தப்பில்லை. நமக்கு ஆச்சரியமும் பசியும் ஒரே வரிசையில் இருக்கின்றன. எனக்குப் பசிக்கிறது, எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டும் எனக்கு வருகின்றன. வியந்தேன், திகைத்தேன், மலைத்தேன் என்று நானே செய்வதாகவும் சொல்லலாம். ஆங்கிலக்காரர் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. அவரை எதுவோ ஒன்று வந்து பிடிக்கவேண்டும், இடிக்கவேண்டும், அறையவேண்டும். அவர் வாங்கிக்கொள்பவர். அதனால்தான் எல்லாம் 'இடி'யில், அதாவது இ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில், முடிகின்றன: சர்ப்ரைஸ்டு, அஸ்டானிஷ்டு, ஷாக்ட். அடித்தவனுக்கு 'இங்'. பட்டவனுக்கு 'இடி'. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இப்போது இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இடி வாங்கியவனுக்கு இடி. மறக்காது.

இன்னொரு வழுக்கல் இரங்கல் மெயில். அலுவலகத்தில் ஒருவருடைய தாத்தா 91 வயதில் இறந்துபோனார். குழுவிலிருந்து பத்துப் பேர் "ஷாக்ட் டு ஹியர்" என்று எழுதினார்கள். லீட்ஸ் பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, விபத்து ஏதாவது நடந்துவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் காதுக்கு ஷாக் என்றால் எதிர்பாராத சாவு. நமக்கு அது மரியாதை. தலைவர்களின் இரங்கல் அறிக்கைகளைப் பாருங்கள், எத்தனை வயதானவர் மறைந்தாலும் செய்தி கேட்டு அதிர்ச்சியும் வேதனையும் அடைந்துவிடுவார்கள். அதிர்ச்சி அடையாமல் வேதனை மட்டும் அடைந்தால் குறைத்துச் செய்ததாகிவிடும். அவரிடம் இதை விளக்க நான் எடுத்துக்கொண்ட இருபது நிமிடத்தில் பாதி, கல்யாணச் சாவு என்றால் என்ன என்பதில் போய்விட்டது.

சரி, ராபர்ட் கிளைவ் பற்றிய ஒரு கதைக்கு வருகிறேன். இதை எங்கே செருகுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். 1772-இல் ஆனுவல் ரெஜிஸ்டர் என்ற லண்டன் ஆண்டிதழ், ஊருக்குள் புதிதாகக் கிளம்பியிருக்கும் நாகரிகச் சொற்களைக் கிண்டல் செய்து எழுதியது. அதில் ஒன்று ஃப்ளாபர்காஸ்டட். அந்தச் சொல் அச்சில் முதலில் அகப்படுவது அங்கேதான். எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே கைவிரித்துவிட்டார்கள். சொல்லிப் பார்த்தால் வாயிலேயே நான்கு தட்டு உடைகிறது, அதுவே அதன் அர்த்தம் என்று எனக்குத் தோன்றும். அதே 1772-இல்தான், 1744-இல் மதராஸுக்குக் கணக்கெழுத வந்து பிறகு வங்காளத்தில் கொழுத்துத் திரும்பிய ராபர்ட் கிளைவை நாடாளுமன்றம் கூண்டில் ஏற்றத் தொடங்கியது. இவ்வளவு செல்வம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். கஜானா என் முன்னால் திறந்து கிடந்தது, இரு பக்கமும் தங்கமும் ரத்தினமும் குவிந்திருந்தன என்று விவரித்துவிட்டு, இந்தக் கணத்தில் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவு கம்மியா என்று எனக்கே அஸ்டானிஷ்டாக இருக்கிறது என்று சொன்னதாகப் பதிவு. இடி விழுந்தது வங்காளத்துக்கு. அதிர்ந்து நின்றது கிளைவ். அக்கா சொன்ன 'சொல்லைச் சின்னதாக்குகிற' வித்தைக்கு நேர் எதிர் வித்தை இது. இதுவும் அங்கே உண்டு.

வாய்விட்டுக் கத்துகிற சொற்களுக்கு வந்தால் இரண்டு மொழிக்கும் பாதை பிரிகிறது. நமக்கு அதிர்ச்சி என்றால் வீட்டு ஆட்களைக் கூப்பிடுவோம். அம்மாடி, அப்பாடி, ஆத்தாடி, அடேங்கப்பா, ஐயோ. பெற்றவர்கள் வராவிட்டால் முருகனையோ பெருமாளையோ தயக்கமில்லாமல் இழுப்போம். ஆங்கிலக்காரருக்கும் கடவுள் பெயர்தான் நாக்கு நுனியில் வருகிறது. ஆனால் கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்று பத்துக் கட்டளைகளில் ஒன்று சொல்லியிருக்கிறதே. அதனால் பாதிச் சொல்லில் பிரேக் போட்டு வண்டியைத் திருப்பினார்கள். காட் என்று தொடங்கி காஷ் என்று முடித்தார்கள், காலி என்று முடித்தார்கள். ஜீசஸ் என்று தொடங்கி ஜீ என்று நிறுத்தினார்கள். கிறைஸ்ட் கிரைக்கி ஆனார். ப்ளைமி என்பது 'கடவுள் என் கண்ணை அவிக்கட்டும்' என்ற சத்தியத்தின் மிச்சம். ஸவுண்ட்ஸ் என்பது 'கடவுளின் காயங்கள்', சிலுவையில் பட்ட காயங்கள். 1606-இல் இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே வந்தது. நாடக மேடையில் கடவுள் பெயரை வேடிக்கையாகவோ வீணாகவோ சொன்னால் 10 பவுண்டு அபராதம். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ 1622-இல் அச்சானபோது இருந்த ஸவுண்ட்ஸ்கள், மறு ஆண்டு வந்த பெருந்தொகுப்பில் காணாமல் போயின.

இன்றைக்குப் பிள்ளைகள் போனில் தட்டுகிற ஓ எம் ஜி ஏதோ நேற்று வந்தது என்று நினைத்திருந்தேன். 1917-இல் ஒரு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. புதிதாக ஒரு வீரப்பட்டம் வரப்போகிறதாம், ஓ எம் ஜி என்று எழுதி, 'ஓ மை காட்' என்று விரித்தும் காட்டியிருக்கிறார். அவர் பெயர் ஜான் ஃபிஷர். கடிதம் எழுதியபோது வயது 76. பிறந்தது இலங்கையில், மலையகத்தின் ரம்பொடையில். என் மகளிடம் இதைச் சொன்னேன். "ஓ எம் ஜி, அப்பா" என்றாள். கேலியா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நம்முடைய கணக்கிலும் வரவு உண்டு. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஐயோவைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் லீட்ஸ் பெரியவர் அதற்கு முன்பே சேர்த்துக்கொண்டுவிட்டார். சர்வர் விழுந்தால் அவரே "ஐயோ" என்பார். ஆனால் அவர் சொல்லும்போது கடைசி எழுத்து மேலே ஏறும், ஏதோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற மாதிரி.

சத்தமே போடாமல் வியப்பைக் காட்டுகிற ஒரு வழியும் அவர்களிடம் உண்டு. அதைப் பிடிக்க எனக்குப் பத்து வருடம் ஆனது. நாம் எதைக் கேட்டாலும் "அப்படியா?" என்போம். அதையே ஆங்கிலமாக்கி "இஸ் இட்?" என்போம். அவர் ராஜினாமா செய்துவிட்டாராம். இஸ் இட்? அவளுக்கு இரட்டைக் குழந்தையாம். இஸ் இட்? ஆங்கிலக்காரர் நீங்கள் சொன்ன வினையையே எடுத்து உங்களிடம் திருப்பிக் கொடுப்பார். ஹாஸ் ஹீ? டிட் ஷீ? வேர் தே? கேட்பது ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதில்தான் எல்லாம். ஏறினால் வியப்பு. இறங்கினால், எனக்கு ஏற்கெனவே தெரியும், உன் கதையை முடி. ஏறி இறங்கினால், நான் நம்பவில்லை. இதை எந்த நோட்டிலும் இரண்டாக மடித்து எழுத முடியாது.

அக்கா இப்போது நிறுவனம் மாறிவிட்டார். நானும் லீட் ஆகி, இரண்டு முறை லீட்ஸ் போய் வந்து, மெயில் எழுதுவதில் ஓரளவு தேறிவிட்டேன். போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் பணம் கட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சங்கத்தில் செயலாளர் பொறுப்பு இந்த வருடம் என் தலையில். லிஃப்ட் பராமரிப்புக்காரருக்கு உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். இத்தனை வருடம் கற்ற வித்தையெல்லாம் இறக்கி, முதல் வரியில் "ஐ வாஸ் எ லிட்டில் சர்ப்ரைஸ்டு டு சீ" என்றே தொடங்கினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கொஞ்சம் நடுங்கியது. இவ்வளவு கடுமை வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "தேங்க் யூ சார்." கூடவே கைகூப்பும் படம் இரண்டு.

மறுநாளும் லிஃப்ட் நின்றபடியே இருந்தது. நாலாவது மாடிப் பாட்டி காய்கறிப் பையோடு என் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். போனை எடுத்தேன். "என்னண்ணே, பணத்த வாங்கிப் போட்டுட்டு இப்படிப் பண்றீங்க? இங்க வயசானவங்க படியேறிச் சாகுறாங்க, நீங்க கும்புடு போட்டு மெசேஜ் அனுப்பிக்கிட்டு இருக்கீங்க?" என்றேன். எங்கள் மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"அய்யய்யோ, சார் இவ்ளோ கோவமா இருக்கீங்கன்னு தெரியாதே சார்" என்றார். நிஜமாகவே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் வந்துவிட்டது.